ஃபேஸ் டூவில் என் சித்தப்பா

பிரியாணிக்கு ஆசைப்பட்டுப் போனதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யைப் போட்டால், கோட்டு சூட்டு போட்ட சீரியல் நடிகர் ஒருவர் பொட்டல் வெளியில் கையை விரித்துக்கொண்டு நடந்து வருவாரே, பார்த்திருப்பீர்கள். "சென்னைக்கு மிக மிக அருகில்!" என்பார். (அவர் சொல்கிற 'அருகில்' எல்லாவற்றையும் நம்பினால் விழுப்புரமே தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டாப்பிங்தான்.) போன மாசி மாதம் அப்படி ஒரு விளம்பரம். இலவச வேன், இலவச மதியச் சாப்பாடு, அன்றைக்கே புக்கிங் செய்தால் ஒரு கிராம் தங்க நாணயம்.

"போய்ப் பார்த்துட்டுத்தான் வருவோமே. எத்தனை நாளைக்கு வாடகை வீடு? ஒரு கிரவுண்டாவது நம்ம பேர்ல இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

நான் பத்திரிகைகளுக்குப் பத்தி எழுதிப் பிழைப்பவன். படித்தது பி.காம். மாதாமாதம் எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. பேங்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? லோன் கிடைக்காது என்று தெரிந்தேதான் கிளம்பினேன். மட்டன் பிரியாணி என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோட்டிலிருந்து நாலாவது சந்து. லேக் வியூ ரோடு என்றால் ஏரி தெரிகிற ரோடு. பத்து வருஷமாகத் தேடுகிறேன், தண்ணீர் லாரிதான் தெரிகிறது. ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே நீளமாக ஓர் ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது. ஏரி போனாலும் பெயர்ப்பலகை நிற்கிறது. நம் ஊரில் எதையாவது அழித்தால், மரியாதைக்கு அதன் பெயரை ஒரு தெருவுக்கு வைத்துவிடுவது வழக்கம்.

வேனில் எங்களோடு பன்னிரண்டு பேர். பக்கத்து சீட்டில் ஓர் ஆட்டோ டிரைவர். மகள் பேரில் சீட்டுப் போட்டு மூன்று லட்சம் சேர்த்திருக்கிறாராம். "நமக்குன்னு ஒரு பிடி மண்ணு வேணும்ல சார்?" என்றார். இதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்?

ஜி.எஸ்.டி. ரோட்டில் போன வேன், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஓர் இடத்தில் திரும்பியது. அப்போதே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. புளியமரம், ரெண்டு டீக்கடை, அம்மன் கோயில் வளைவு, அப்புறம் ஏரிக்கரை.

"ஏங்க... இது உங்க ஊர் மாதிரி இல்ல?" என்றாள் மனைவி.

மாதிரி என்ன, எங்கள் ஊரேதான்.

* * *

ரெண்டு பொங்கலாக ஊர்ப் பக்கம் போகவில்லை. அப்பா காலமான பிறகு எங்கள் ஒரு ஏக்கரையும் சேர்த்துச் சித்தப்பாதான் பயிர் வைக்கிறார். அவர் பங்கு ஓர் ஏக்கர், எங்கள் பங்கு ஓர் ஏக்கர், நடுவில் ஒரு வரப்பு. வருஷத்துக்கு ஒரு முறை லாரி சர்வீஸில் ரெண்டு மூட்டை அரிசி வரும். நான் போனில் "நல்லா இருக்கீங்களா சித்தப்பா?" என்பேன். "இருக்கேன்டா" என்பார். விவசாயத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

வேன் நின்ற இடத்தில் ஓர் ஆர்ச். நகரின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேஸ் போடுவார்கள். 'பசுமை' என்ற வார்த்தை அதில் உண்டு. அந்தப் பசுமை பெயரில் மட்டும்தான் மிச்சம். செம்மண் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்தி, தார் ரோடு போட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே நெல் நாற்றுதான் நட்டுப் பார்த்திருக்கிறேன்.

கேட்டில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி விறைப்பாக சல்யூட் வைத்தார். பார்த்தால், எங்கள் ஊர் நீர்க்கட்டி!

தெரியாதவர்களுக்கு: செங்கல்பட்டுப் பக்கம் ஏரித் தண்ணீரை யாருக்கு எப்போது எவ்வளவு என்று கழனிக்குக் கழனி பிரித்து விடுகிற ஆளுக்கு நீர்க்கட்டி என்று பெயர். மண்வெட்டியோடு மதகுக்கும் கழனிக்கும் ராத்திரி பகலாக நடப்பார். சம்பளம் பணமாகக் கிடையாது. அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று கணக்கு.

"என்னாண்ணே, நீங்க இங்க?" என்றேன்.

"கழனியே இல்லியே தம்பி. தண்ணிய யாருக்குக் கட்டுறது? இங்க மாசம் பொறந்தா பன்னெண்டாயிரம். குந்திக்கினே இருக்கலாம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உங்க சித்தப்பா அந்தாண்டதான் இருக்காரு. பாத்துட்டுப் போங்க" என்றார்.

அதற்குள், அந்த வெயிலில் டை கட்டிய ஒரு பையன் எங்களை ஓட்டிக்கொண்டு போனான். படு சுறுசுறுப்பு. "மொத்தம் எண்பத்தாறு பிளாட் சார். எழுபது போயிடுச்சு. சதுர அடி 799 மட்டும்." (செருப்புக் கடை விலை மாதிரி ஒரு ரூபாய் குறைத்திருந்தார்கள்.) மூன்றே மூன்று வீடுதான் கட்டியிருந்தது. "மத்தவங்க?" என்றேன். "இன்வெஸ்ட்மென்ட் சார்" என்றான். இன்வெஸ்ட்மென்டில் சீமைக் கருவேலம் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பச்சையும் பழுப்புமாகக் கொஞ்சம் நிலம். குனிந்து எதையோ கொத்திக்கொண்டிருந்த ஒரு மனிதர், தலையில் துண்டு.

டை பையன் அந்தப் பக்கம் கையை நீட்டினான். "சார், அங்க தெரியுது பாருங்க, அதுதான் நம்ம ஃபேஸ் டூ. பேச்சுவார்த்தை முடியற ஸ்டேஜ்ல இருக்கு. இப்பவே புக் பண்ணா ப்ரீ லாஞ்ச் ரேட்டு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அந்த மனிதரைப் பார்த்தேன்.

ஃபேஸ் டூவில் என் சித்தப்பா களை எடுத்துக்கொண்டிருந்தார்.

* * *

பிரியாணியை விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். (பிரியாணி என்னாயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: மனைவி ரெண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டாள். வரப்பில் உட்கார்ந்து நாலு பேருமாகச் சாப்பிட்டோம். சித்திக்கு லெக் பீஸ்.)

"இவ்வளவு நடந்திருக்கு. போன்ல ஒரு வார்த்தை சொல்லலியே சித்தப்பா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சொன்னா, வித்துடலாம்னு சொல்லிடுவியோன்னு பயம்டா" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. போன தீபாவளிக்கு என் தங்கையும் நானும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு எப்படித் தெரிந்தது?

"சரி, அவங்க அவங்க நிலத்தை வித்தாங்க. நம்ம நிலத்தை நாம வெச்சிருக்கோம். நமக்கென்ன சித்தப்பா?" என்று கேட்டேன். பி.காம் படித்தவன் கேட்கக்கூடிய கேள்விதான்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா, காட்றேன்."

அடுத்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஏரியின் ரெண்டாவது மதகிலிருந்து கால்வாய் வருகிறது. அது ஊர்ப் பொதுச் சொத்து. ஆனால் கால்வாய் எல்லாக் கழனி ஓரமாகவும் போகாது. அது ஓர் இடத்தில் முடிந்ததும், முதல் கழனிக்காரர் மடை வழியாகத் தண்ணீரை வாங்கி நிரப்பிக்கொண்டு, வரப்பை வெட்டி அடுத்தவருக்கு விடுவார். அவர் அதற்கடுத்தவருக்கு. இப்படி ஐந்து கழனி தாண்டித்தான் எங்கள் கழனிக்குத் தண்ணீர் வரும். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, ரசீது கிடையாது. 'விடுவோம்' என்கிற வழக்கம்தான். நூறு வருஷமாக அதில்தான் நெல் விளைந்தது.

அந்த ஐந்து கழனியும்தான் இப்போது 'பசுமை'.

"கார்த்திகை மழையில பிளாட்டு மேல விழுந்த தண்ணியெல்லாம் நம்ம கழனிக்கு வந்துச்சு. அது மூணடி ஒசரம், நாம பள்ளம். வடிய வழியில்ல, சுவரு நிக்குது. சம்பா பாதி அழுகிப் போச்சு. இப்ப மாசி மாசம். ஏரில தண்ணி கெடக்கு, மதகு தொறந்திருக்கு, நவரைக்குத் தண்ணி வரல. அதே சுவருதான். கார்த்திகையில முழுவடிக்கறாங்க, மாசியில காயப் போடுறாங்க."

"கிணறு இருக்கே?"

"ஏரித் தண்ணி கழனில நின்னாத்தான்டா கெணத்துல ஊறும். சுத்தி தார் ரோடு போட்டா எங்கேர்ந்து ஊறும்?"

இன்னும் இருந்தது. முன்னெல்லாம் அறுப்பு மிஷின் பக்கத்துக் கழனி அறுத்த பிறகு அது வழியாகவே இறங்கி வந்துவிடும். இப்போது வர வழியில்லை. எலி? "நூறு ஏக்கர்ல பிரிச்சுத் தின்ன எலியெல்லாம் மிச்சம் இருக்கற பத்து ஏக்கர்ல வந்து பந்தி போடுதுடா. குருவியும் அப்படித்தான்." கழனி குறைந்ததால் நீர்க்கட்டிக்கு நெல் வரும்படி குறைந்தது, அவர் செக்யூரிட்டி ஆகிவிட்டார். ஆள் குறைந்ததால் கால்வாய் தூர் வார நாதியில்லை. மாடு குறைந்தது, எரு குறைந்தது.

கடைசியில் சித்தப்பா சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. "கழனி தனியா விக்கறதில்லடா. ஒருத்தன் வித்தா, பக்கத்துல இருக்கறவனும் பாதி வித்த மாதிரி. இன்னா ஒண்ணு, பணம் அவனுக்கு மட்டும்."

* * *

வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சித்தப்பா சொன்னபடி, எல்லாம் சரியாக நடந்தால் ஏக்கருக்கு 22 குவிண்டால் நெல். 2025-26 பருவத்துக்கு நேரடிக் கொள்முதல் நிலைய விலை, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக 55,000. உழவு, நடவு, உரம், மிஷின் எல்லாம் சேர்த்துச் செலவு 34,000. மிச்சம் 21,000. சம்பா, நவரை என்று ரெண்டு போகம் பார்த்தால் வருஷத்துக்கு 42,000. (சித்தப்பாவும் சித்தியும் உழைத்ததற்குக் கூலி போடவில்லை. போட்டால் கணக்கு சிவப்பு மையில் முடியும்.)

இந்தப் பக்கம்: ஃபேஸ் டூவுக்கு ஏக்கர் 60 லட்சம் தருகிறார்களாம். பேங்கில் ஆறரை சதவிகிதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 3,90,000. சித்தப்பா ஒன்பது வருஷம் குனிந்து சம்பாதிப்பதை, நான் ஒரே வருஷத்தில் சாய்ந்து உட்கார்ந்து சம்பாதித்துவிடலாம்.

நிலத்தை வாங்குபவருக்கு? ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ரோடு, பார்க் என்று போக அறுபது சதவிகிதம் தேறினால் சுமார் 26,000. அதை 799-ஆல் பெருக்கிப் பாருங்கள். ரெண்டு கோடியே ஏழு லட்சத்துச் சொச்சம்!

எல்லாருக்கும் லாபம். அப்புறம் நஷ்டம் எங்கே? கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும். தேடிப் பார்த்தேன். விற்றவர் புத்தகத்தில் இல்லை, வாங்கியவர் புத்தகத்தில் இல்லை. அழுகிப்போன பாதிச் சம்பாவாக, காய்ந்துபோன நவரையாக, அது என் சித்தப்பாவின் புத்தகத்தில் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாத வியாபாரத்தின் நஷ்டம் அவர் பேரில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பி.காம் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, மெஷினுக்கு உண்டு, நாற்காலிக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை ஒரு தடவை எங்கள் கழனிக்குக் கூட்டிப் போகவேண்டும்.

* * *

'இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. தமிழ்நாடே ஸ்தம்பித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ம் தேதி வரை போட்ட அனுமதியில்லா மனைகளுக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதன் பிறகு போடுவதற்கு முறைப்படி அனுமதி வேண்டும். நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர் 'பசுமை' முறைப்படி அனுமதி வாங்கியதுதான்! அனுமதி இருந்தாலும் தண்ணீர் நின்றால் நின்றதுதான்.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. எங்கள் மாவட்டம் அதில் இல்லை. டெல்டாவிலும்கூட, தடைப் பட்டியலில் இருப்பது உருக்காலை, தோல் பதனிடுவது, எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்றவை. மஞ்சள் கல் நடுவது அந்தப் பட்டியலில் இல்லை.

2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக நீட்டினார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. எங்கள் ஊரும் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் சென்னையாக இருந்தது. அதே வருஷம் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்துக்காரர்கள் போராட ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் போராட்டமெல்லாம் இல்லை. விமானமே வராமல் நிலம் மட்டும் பறந்து போய்க்கொண்டிருக்கிறது.

கேரளாக்காரர்கள் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். 1970-களின் நடுவில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடி, 2008 வாக்கில் ரெண்டே கால் லட்சத்துச் சொச்சமாக இளைத்துப்போனதும் பயந்துவிட்டார்கள். அந்த வருஷம், நெல் வயலை மூடக்கூடாது என்றே ஒரு சட்டம் போட்டார்கள். உள்ளூர் அளவில் ஒரு கமிட்டி: பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் மூன்று பேர். வேறு இடமே இல்லாதவர் சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளக் கிராமத்தில் பத்து சென்ட் வரைக்கும் கேட்கலாம். வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு 2020-லிருந்து ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் ராயல்டி என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால், 'நீ வைத்திருப்பது உனக்கு மட்டும் பிரயோஜனம் இல்லையப்பா' என்று ஓர் அரசாங்கம் சொன்ன மாதிரி. அங்கேயும் 2018-ல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. வயலைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து வயலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் ஊரில் சர்வே நம்பரைத்தான் பார்க்கிறோம். தண்ணீருக்கு சர்வே நம்பர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேடும் பள்ளமும்தான். ஓர் ஏரிக்குக் கீழே இருக்கிற பாசன நிலம் மொத்தமும் ஒரே உடம்பு. அதில் விரலை வெட்டினாலும் வலி முழங்கை வரைக்கும் வரும். யாராவது வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆட்டோ டிரைவருக்கு மண் வேண்டும். எங்கள் ஊரிலேயே மேட்டுப் பக்கம் ஏரித் தண்ணீர் ஏறாத புன்செய் எத்தனையோ கிடக்கிறது. மனைக்கு அது போதாதா? அதை விட்டுவிட்டு, மதகுக்கு நேர் கீழே வந்து ஏன் கல் நடவேண்டும்? நானே விசாரித்ததில் பதில் ஒன்றுதான்: சமதளமாக இருக்கிறது, ரோட்டோரமாக இருக்கிறது. ஆயிரம் வருஷம் உழுது சமமாக்கி வைத்தவர்கள் செய்த தப்பு!

* * *

சரி, கதை என்னாயிற்று?

தாலுகா ஆபீஸில் புல வரைபடம் வாங்கினோம். அதில் மதகுக் கால்வாய்க்கு சர்வே நம்பர் இருந்தது, புறம்போக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தது. காம்பவுண்ட் சுவர் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. மனு கொடுத்தோம். சர்வேயர் மூன்றாவது தேதிக்கு வந்தார், சங்கிலி போட்டார், தலையாட்டினார். சுவரை நாலடி உடைத்து சிமென்ட் பைப் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஆனால் பைப்பிலிருந்து எங்கள் கழனிக்கு நடுவே இருந்த தூரம்? அது வரைபடத்தில் இல்லாத வாய்க்கால். வக்கீல் நண்பர் ஒருவர், "1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் இருக்கு. இருபது வருஷம் தடையில்லாம தண்ணி வந்ததுன்னு நிரூபிச்சா உரிமை உண்டு" என்றார். "கேஸ் எத்தனை வருஷம் நடக்கும்?" என்றேன். "அதுவும் ஒரு இருபது வருஷம் வெச்சுக்கோ" என்றார்.

வழி காட்டியது என் மனைவிதான். வேனில் கொடுத்த பளபள நோட்டீஸ் அவளிடம் பத்திரமாக இருந்தது. (எதையும் தூக்கிப் போடமாட்டாள், எடைக்குப் போடலாம் என்று.) அதில் பச்சைக் கலரில் ஒரு கட்டம், 'சிறுவர் பூங்கா'. "இந்த பார்க் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டாள். விசாரித்தால், ரோட்டையும் பார்க்கையும் தான பத்திரம் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் விதி. அந்தப் பார்க்கோ, பைப் வைக்கிற இடத்துக்கும் எங்கள் வரப்புக்கும் நடுவில்!

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. சித்தப்பா வாழ்க்கையில் முதல் முறையாக மைக் பிடித்தார். மூன்று நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "பார்க்கு ஓரமா ரெண்டடி அகலம் வாய்க்கா வுடுங்க. புள்ளைங்க கப்பல் வுடட்டும்" என்றார். உட்கார்ந்துவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த மூன்று வீட்டுக்காரர்களும் கையைத் தூக்கினார்கள். கார்த்திகை மழையில் அவர்கள் வாசலிலும் முட்டியளவு தண்ணீராம். தீர்மானம் நிறைவேறியது.

வாய்க்கால் வெட்டி முடிக்க ஆடி மாதம் ஆயிற்று. நவரை காய்ந்தது காய்ந்ததுதான். அதை யாரும் திருப்பித் தரவில்லை. ஆனால் இந்தச் சம்பாவுக்கு வடிய வழி இருந்தது. நீர்க்கட்டி அண்ணன் ட்யூட்டி முடிந்ததும் நீலச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மண்வெட்டியோடு வந்து மடையைத் திறந்து விடுகிறார். ரெண்டு வேலை, ரெண்டு சம்பளம். ஒன்று பணம், ஒன்று நெல்.

இதைப் பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ரெண்டாவது மதகுக்குக் கீழே மிச்சம் இருப்பது பத்து ஏக்கர். சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. என் கணக்குப் பேப்பரில் அந்த மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் இன்னும் அழியாமல் இருக்கிறது. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் அதை எடுத்துப் பார்க்கிறேன். தங்கையிடம் பேசினேன். "இப்போதைக்கு விக்க வேணாம்ணா" என்றாள். இப்போதைக்கு என்றுதான் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

போன வாரம் டை பையன் போன் பண்ணினான். பாவம், ரொம்ப மரியாதையான பையன்.

"சார், அந்த ஃபேஸ் டூ இடம் உங்களோடதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. எப்ப சார் பேசலாம்?"

"சம்பா அறுக்கட்டும் தம்பி."

"அறுத்ததும் பேசலாமா சார்?"

"அறுத்ததும் நவரை நடணுமே."

"சரி சார், அது முடிஞ்சதும்?"

"சொர்ணவாரி."

"அது... அது என்ன மாசம் சார்?"

"சித்திரை, வைகாசியில ஆரம்பிச்சு ஆடி, ஆவணி வரைக்கும்."

எழுதிக்கொள்கிறான் போலிருக்கிறது, பேனா சத்தம் கேட்டது. "அதுக்கப்புறம் ஃப்ரீதானே சார்?"

"அதுக்கப்புறம் மறுபடி சம்பா வந்துடும் தம்பி."